இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை: சாதித்த டாக்டரையே பொய்யர் ஆக்கியது எப்படி? சுபாஷ் முகர்ஜியின் கதை

2023 ஜூனில் மறுபடியும் ஓடத் தொடங்கிய போடி ரயிலில் ஏறினால், மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். அதில் ஒரு ஜோடி கையில் தடிமனான ஃபைலை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். பொட்டிபுரமோ, போடியோ, மேலே ஏலத்தோட்டமோ, எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். கல்யாணம் ஆகி நாலைந்து வருஷம், இன்னும் குழந்தை இல்லை. சொந்தக்காரர்களிடம் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

அந்த ஃபைலைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கும். ஒன்று, கருமுட்டைகள் அதிகம் வளர ஹார்மோன் ஊசி. இரண்டு, பிறப்புறுப்பு வழியாகக் கருமுட்டையை எடுப்பது. மூன்று, கருவை உறைய வைத்து, பிறகு ஒரு மாதத்தில் கருப்பையில் வைப்பது. இன்று எந்தக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாலும் இது சாதாரண நடைமுறை.

இந்த மூன்றையும் சேர்த்து 1978-லேயே கொல்கத்தாவில் ஒருவர் செய்து காட்டினார். அவருக்குக் கிடைத்தது விருது இல்லை, விசாரணைக் கமிட்டி. மூன்றே வருஷத்தில் அவர் உயிரோடும் இல்லை. அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். ஆங்கில வழக்கில் சுபாஷ் முகர்ஜி.

யார் இந்த சுபாஷ் முகர்ஜி?

1931 ஜனவரி 16 அன்று, இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் படித்தார். பிறகு கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் 1955-ல் எம்.பி.பி.எஸ் முடித்தார்.

அந்தக் காலத்தில் எம்.பி.பி.எஸ் முடித்தவர் ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்தாலே வாழ்க்கை ஓடிவிடும். இவருக்கு ஆராய்ச்சி மேல்தான் கண். இனப்பெருக்க உடலியலில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1958-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதோடு விடாமல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய், ஹார்மோன் ஆய்வில் பேர் பெற்ற ஜான் லொரைன் என்பவரின் கீழ் 1967-ல் இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார். கருமுட்டை வெளியேறக் காரணமான ஹார்மோனை அளப்பது எப்படி என்பதுதான் அங்கே அவர் செய்த வேலை.

இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர் வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி, நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கினார். அரசு வேலை. அரசு விதிகளும் கூடவே வரும் என்பது பின்னாடிதான் முழுசாகத் தெரிந்தது.

இங்கிலாந்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?

அதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற மகப்பேறு மருத்துவரும் இதே முயற்சியில் இருந்தார்கள். கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைப்பது. அவர்களுக்கும் எதிர்ப்பு இருந்தது. 1971-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே அவர்களுக்குப் பணம் தர மறுத்துவிட்டது. தனியார் நிதியில் வேலையை ஓட்டினார்கள்.

1978 ஜூலை 25. ஓல்டாம் நகர மருத்துவமனையில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகத்தின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டன.

சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நவராத்திரி தொடங்கும் நேரம். துர்கா பூஜைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு துர்கா என்று பெயர் வந்தது. இந்தியாவின் முதல், உலகத்தின் இரண்டாவது டெஸ்ட் டியூப் குழந்தை அவள்.

லூயிஸ் பிறந்த செய்தியைப் பார்த்து இவர் காப்பியடித்தார் என்று சொல்லவும் வழியில்லை. அந்தச் செய்தி வந்தபோது துர்கா ஏற்கெனவே அம்மா வயிற்றில் ஏழாவது மாதத்தில் இருந்தாள்.

முகர்ஜி செய்ததில் என்ன புதுசு?

குழந்தையின் தாய்க்குச் சினைக்குழாயில் பாதிப்பு. கருமுட்டையும் விந்தணுவும் உடலுக்குள் சந்திக்கவே வழியில்லாத நிலை. முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, உறைய வைக்கும் தொழில்நுட்பம் அறிந்த விஞ்ஞானி சுனித் முகர்ஜி என மூன்று பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். பெரிய பரிசோதனைக்கூடமோ வெளிநாட்டு நிதியோ கிடையாது.

அவர்கள் போன பாதை இங்கிலாந்து பாதை இல்லை. மூன்று இடத்தில் பிரிந்து போனார்கள்.

முதல் விஷயம், ஹார்மோன் ஊசி. இயற்கையில் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு கருமுட்டைதான் முதிரும். எட்வர்ட்ஸ் குழு லூயிஸ் விஷயத்தில் அந்த ஒற்றை முட்டையை நம்பித்தான் இறங்கியது. முகர்ஜி, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஒரே சுழற்சியில் பல கருமுட்டைகளை வளர வைத்தார். அமெரிக்காவின் முதல் ஐ.வி.எஃப் குழந்தை 1981 டிசம்பரில் பிறந்தபோது, நார்ஃபோக் நகரில் ஜோன்ஸ் தம்பதி பயன்படுத்தியதும் இந்த ஹார்மோன் வழிதான்.

இரண்டாவது, முட்டையை எடுக்கும் வழி. இங்கிலாந்தில் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப் மூலம் எடுத்தார்கள். முகர்ஜி குழு பிறப்புறுப்பின் பின்சுவரில் சின்னதாகக் கீறி அந்த வழியாக எடுத்தது. இன்று ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கிறார்கள். ஆனால் உள்ளே போகும் பாதை அதே பாதைதான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிசு. ஹார்மோன் ஊசி போட்ட அதே சுழற்சியில் கருப்பையின் உள்சுவர் கருவை ஏற்கத் தோதாக இருக்காது என்று அவர் கணக்குப் போட்டார். அதனால் எட்டு செல் நிலையில் இருந்த கருவை, உறையும்போது சேதமாகாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்த்து உறைய வைத்தார். 53 நாள் கழித்து, உடம்பு இயல்புக்குத் திரும்பிய வேறொரு சுழற்சியில் அந்தக் கருவை உருக்கித் தாயின் கருப்பையில் வைத்தார். உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்டது 1984-ல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். துர்கா பிறந்தது அதற்கு ஆறு வருஷம் முன்னாடி.

அப்புறம் ஏன் யாரும் நம்பவில்லை?

இங்கேதான் கதை திரும்புகிறது. செய்தி ஆராய்ச்சி இதழில் விரிவாக வருவதற்கு முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டது. முகர்ஜி அரசு மருத்துவர். மேலிடத்தில் முறையாக அனுமதி வாங்காமல் இவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்தது எப்படி என்று கேள்வி வந்தது. கூட வேலை செய்தவர்களிடமே சந்தேகம், பொறாமை, கிண்டல்.

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு நிபுணர் கமிட்டி போட்டது. அதற்குத் தலைவர் ஒரு ரேடியோ இயற்பியல் விஞ்ஞானி. ஐ.வி.எஃப் செய்து பார்த்தவர் ஒருவர்கூடக் கமிட்டியில் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இந்தியாவில் அப்படி ஒருவர் முகர்ஜியைத் தவிர வேறு யாரும் கிடையாது. இவ்வளவு குறைந்த வசதியில், சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது என்பதுதான் கமிட்டி மனசில் ஓடியது. கடைசியில் அவர் சொன்னதை நம்ப முடியாது என்று தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டது.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஆதாரம் வேண்டும் என்றால் அந்தத் தாயும் குழந்தையும் வெளியே வர வேண்டும். குழந்தையின் குடும்பம் கட்டுப்பாடான குடும்பம். இப்படிப் பிறந்த குழந்தை என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று 1978-ல் யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தை இல்லை என்பதே அவமானமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. குடும்பம் மறைவில் இருந்தது. டாக்டர் மட்டும் வெளிச்சத்தில் தனியாக நின்றார்.

முகர்ஜி பக்கமும் ஒரு குறை உண்டு. இங்கிலாந்துக் குழு லூயிஸ் பிறந்த உடனேயே உலகம் மதிக்கும் மருத்துவ இதழில் அறிக்கை கொடுத்தது. முகர்ஜியின் வேலை ஓர் இந்திய இதழில் சுருக்கமாக வந்ததோடும், ஒரு மாநாட்டில் பேசப்பட்டதோடும் நின்றது. முழு விவரம் உலக அரங்குக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்க்க அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1979-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் ஆய்வை விளக்க வரச்சொல்லி அழைத்தது. அரசு ஊழியர் வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்கவில்லை.

கடைசி நாட்கள்

ஏற்கெனவே கல்கத்தாவிலிருந்து தூரத்தில் உள்ள பாங்குரா மருத்துவக் கல்லூரிக்கு அவரை மாற்றியிருந்தார்கள். ஆராய்ச்சி கல்கத்தாவில், வேலை பாங்குராவில். இதற்கு நடுவே மாரடைப்பு வந்து பிழைத்தார்.

1981 ஜூனில் இன்னொரு மாற்றல் ஆர்டர் வந்தது. இந்தத் தடவை கல்கத்தாவிலேயே, ஆனால் கண் மருத்துவ நிறுவனத்துக்கு. ஹார்மோனையும் கருவையும் வாழ்நாள் முழுக்கப் படித்த மனுஷனுக்குக் கண் நரம்பின் மின் அலைகளைப் பற்றிய பேராசிரியர் பதவி. காகிதத்தில் பார்த்தால் தண்டனை மாதிரித் தெரியாது. சம்பளம் வரும், பதவி இருக்கும். செய்ய வேண்டிய வேலை மட்டும் கையை விட்டுப் போய்விடும்.

ஜூன் 19 அன்று தன் வீட்டில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. பள்ளி ஆசிரியையான மனைவி நமிதா வேலை முடிந்து வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

துர்காவுக்கு அப்போது மூன்று வயதுகூட முடியவில்லை.

உண்மை எப்படி வெளியே வந்தது?

1986 ஆகஸ்ட் 6. மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமாரும் சேர்ந்து செய்த சாதனை. எல்லா ஆவணமும் பக்கா. அதனால் இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று அரசுப் பதிவில் ஏறியது ஹர்ஷா பெயர்தான். 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையும் பிறந்தது. முகர்ஜியைக் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். வங்க எழுத்தாளர் ரமாபாத சௌத்ரி இந்தச் சோகத்தை அடியொற்றி ஒரு நாவல் எழுதினார். அதை வைத்து இயக்குநர் தபன் சின்ஹா 1990-ல் ஏக் டாக்டர் கி மௌத் என்ற இந்திப் படம் எடுத்தார். படத்தில் பங்கஜ் கபூர் கண்டுபிடிப்பது தொழுநோய்த் தடுப்பூசி. ஆனால் யார் கதை என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. தபன் சின்ஹாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது.

உண்மையான திருப்பம் 1997-ல் வந்தது. அதுவும் யாருமே எதிர்பார்க்காத கையால். ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா போயிருந்த டி.சி.ஆனந்த் குமாரிடம் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. அவர் உட்கார்ந்து படித்தார். முகர்ஜியோடு வேலை செய்தவர்களிடம் பேசினார், குழந்தையின் பெற்றோரையும் சந்தித்தார். துர்காதான் முதல் குழந்தை என்று அவருக்கு உறுதியானது.

யோசித்துப் பாருங்கள். முதல் என்ற பட்டம் அவர் கையில் இருந்தது. அந்த நோட்டுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. 1997 ஏப்ரலில் கரன்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதி, இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜிதான் என்று ஊரறியச் சொன்னார். தன் பட்டத்தை, பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் முகர்ஜியின் வேலையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

2003-ல், தன் 25-வது பிறந்தநாளை ஒட்டி, துர்காவே நேரில் வந்தார். கனுப்ரியா என்ற சொந்தப் பெயரோடு, முகர்ஜியின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் முகம் காட்டினார். 1978-ல் கமிட்டி கேட்ட ஆதாரம் 25 வருஷம் கழித்துத் தானாக மேடை ஏறியது.

எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை. ஸ்டெப்டோவும் அதற்குள் இறந்துவிட்டதால் அவருக்கும் கிடைக்கவில்லை.

ஆண் தரப்புக் குறைபாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது போடி ரயிலில் இருக்கும் அந்த ஃபைலுக்கு வருவோம். குழந்தை இல்லை என்றால் முதலில் பெண்ணைத்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஆனால் குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் ஏதாவது காரணம் இருக்கிறது. விந்தணு எண்ணிக்கை குறைவு, நீந்தும் வேகம் குறைவு, வெரிக்கோசீல் எனும் நரம்புச்சுருள், விந்து வரும் குழாயில் அடைப்பு, ஹார்மோன் குறைபாடு, புகைப்பழக்கம் என்று பட்டியல் நீளும். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரணப் பரிசோதனை போதும். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு விந்து மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 கையேட்டில் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், மறுபடியும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

சாதாரண ஐ.வி.எஃப்-ல் ஒரு கருமுட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் விந்தணுக்களை விடுவார்கள். அதில் ஒன்று தானாகத் துளைத்து உள்ளே போக வேண்டும். விந்தணு பலவீனமாக இருந்தால் அது நடக்காது. 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு இதற்கு விடை கண்டது. மெல்லிய கண்ணாடி ஊசியில் ஒரே ஒரு விந்தணுவை எடுத்து நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை. விந்துவில் அணுக்களே இல்லாத சிலருக்கும், விரையிலிருந்து நேரடியாக ஊசி மூலம் எடுத்து இதைச் செய்ய முடிகிறது.

ஆனால் இக்சி ஒற்றை முட்டையை நம்பிச் செய்கிற காரியம் இல்லை. ஊசி போட்ட எல்லா முட்டையும் கருவாகாது, எல்லாக் கருவும் வளராது. கையில் பல முட்டை இருந்தால்தான் வாய்ப்பு கூடும். மிச்சக் கருக்களை உறைய வைத்தால்தான், முதல் முயற்சி தோற்றாலும் அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து ஊசி போட வேண்டியிருக்காது. அதாவது, இன்று கணவரின் விந்தணுக் குறைபாட்டுக்காக ஒரு தம்பதி எடுக்கும் சிகிச்சையில், விந்தணுவை உள்ளே செலுத்தும் வேலை பிரஸ்ஸல்ஸில் பிறந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதை முகர்ஜி 1978-லேயே யோசித்து வைத்திருந்தார்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

முகர்ஜி காலத்தில் இதற்குச் சட்டமும் இல்லை, வழிமுறையும் இல்லை. இப்போது 2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மையங்கள் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயது வரம்பும் உண்டு. சிகிச்சைக்குப் போகும் முன் மையம் பதிவு பெற்றதா என்று கேட்பது தம்பதியின் உரிமை. முழு வெற்றி நிச்சயம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலன் பெரிதும் பெண்ணின் வயதைப் பொறுத்தது, அதை யாராலும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது.

மாறாமல் இருப்பதும் ஒன்று உண்டு. ஊர் என்ன சொல்லும் என்ற அதே பயம். 1978-ல் அந்தப் பயம் ஒரு குடும்பத்தை மறைவில் வைத்தது, ஒரு டாக்டரைத் தனியாக நிறுத்தியது. இன்றைக்கு அது கணவரை ஒரு சின்னப் பரிசோதனைக்குக்கூடப் போகவிடாமல் தடுத்து, மனைவிக்கு மட்டும் வருஷக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறது. அந்த வருஷங்களில் அவர் வயதும் ஏறிக்கொண்டே போகிறது.

ரயிலில் இருக்கும் அந்த ஃபைலில் சுபாஷ் முகர்ஜியின் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் ஊசி, முட்டை, உறைந்த கரு என்று அதில் எழுதியிருக்கும் மூன்றும், தன்னை நம்பாத ஊரில் அவர் விட்டுப் போனவைதான்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்: 14416.)